சூப்பா, மிட்டாயா? சீனப்பள்ளியில் தொனி பழகும் பிஞ்சுக் காதுகள்

*மலேசியச் சீனப்பள்ளிகளில் தமிழ், மலாய்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. வீட்டில் சீனமே கேட்டிராத பிள்ளை மாண்டரின் தொனிகளை எப்படிப் பிடிக்கிறது? எங்கே தடுமாறுகிறது? பெற்றோர் என்ன செய்யலாம்?*

ஒன்றாம் ஆண்டு வகுப்பு. ஆசிரியை பலகையில் இரண்டு படங்களை ஒட்டுகிறார். ஒன்றில் ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணம். மற்றொன்றில் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்.

"தாங்" என்கிறார். குரல் உச்சத்தில் நேராக நிற்கிறது. கையும் தலைக்கு மேல் ஒரு நேர்க்கோடு இழுக்கிறது. அது சூப். மறுபடியும் "தாங்" என்கிறார். இம்முறை குரல் நடுவிலிருந்து மேலே ஏறுகிறது. கையும் கூடவே ஏறுகிறது. அது மிட்டாய். பிள்ளைகள் கூட்டாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். பிறகு ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் ஒரு முறை "தாங்" என்கிறார். வகுப்பு முழுக்க விரல்கள் மிட்டாயை நோக்கி நீள்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சிறுமியின் விரல் மட்டும் நடுவில் நிற்கிறது. பக்கத்துப் பிள்ளையின் விரலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மெல்ல மிட்டாய்ப் பக்கம் நகர்கிறது.

மலேசியாவின் ஏதாவது ஒரு சீனப்பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அந்தச் சிறுமியின் காதில் குறை எதுவும் இல்லை. குரல் ஏறியது அவளுக்கும் கேட்டது. ஆனால் இதுவரை அவள் பேசிய மொழிகளில் குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் கண்டிப்பு, இழுத்தால் கொஞ்சல். அதே ஏற்ற இறக்கம் சொல்லையே மாற்றும் என்பது அவளுக்குப் புதிது. இந்தப் புதுக் கணக்கைக் காது பழகும் வரை அவளுக்கு நேரமும் துணையும் வேண்டும். பல பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது இந்த இரண்டும்தான்.

ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்

மலேசியாவில் ஏறத்தாழ 1,300 தேசிய வகைச் சீனப்பள்ளிகள் இருக்கின்றன. கல்வி அமைச்சு நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, 2010-இல் இப்பள்ளிகளில் 9.5 விழுக்காடாக இருந்த, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களின் பங்கு 2020-இல் 15.33 விழுக்காடாகியது. இந்திய மாணவர்களின் பங்கு 1.67 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாக உயர்ந்தது. மற்ற இனத்தவரையும் சேர்த்தால், சீனப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீனர் அல்லாதவர்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 2009 முதல் மலேசியாவின் முதன்மை வணிகப் பங்காளி சீனா. வேலை விளம்பரங்களில் மாண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை. சீனப்பள்ளிகளின் கட்டொழுங்குக்கும் கணிதத்துக்கும் நல்ல பெயர். இதையெல்லாம் எண்ணித்தான் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சேர்த்த மறுநாளே பிள்ளை சந்திக்கப்போகும் முதல் மலை தொனி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

---
□ நான்கு தொனிகள்

முதல் தொனி: உயரத்தில் நேராக நிற்கும்.
இரண்டாம் தொனி: நடுவிலிருந்து மேலே ஏறும்.
மூன்றாம் தொனி: தாழ்ந்து, தனியாகச் சொல்லும்போது கடைசியில் சற்றே எழும்.
நான்காம் தொனி: உச்சியிலிருந்து சட்டென்று விழும்.

இவை தவிர, அழுத்தமில்லாத அசைகளில் வரும் இலேசான ஒரு தொனியும் உண்டு. மொழியியலாளர் சாவ் யுவான்ரென் 1930-இல் குரலின் உயரத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். அவர் கணக்கில் இந்த நான்கும் முறையே 55, 35, 214, 51.

தொனிமொழிகள் உலகில் அரிதானவை அல்ல. 527 மொழிகளை வைத்து எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 220 மொழிகள் தொனிமொழிகளாக இருந்தன. இந்தியாவிலேயே பஞ்சாபி, மிசோ, போடோ, மணிப்புரி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

---

காது கேட்கிறது, மனம் ஒதுக்கிவிடுகிறது

பிறந்த குழந்தை எந்த மொழிக்கும் ஆயத்தமாகவே பிறக்கிறது. முதல் ஆண்டு முடிவதற்குள் தன்னைச் சுற்றிப் பேசும் மொழிக்கு ஏற்பக் காதைச் செதுக்கிக்கொள்கிறது. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு மாதத்தில் பிரித்தறிந்த இந்தி மெய்யொலிகளை ஒரு வயதை நெருங்கும்போது பிரித்தறியாமல் போவதை ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டினார்கள். தொனியிலும் அதுவே நடக்கிறது என்று கேரன் மேட்டக், டெனிஸ் பர்ன்ஹாம் ஆகியோரின் 2006 ஆய்வு காட்டியது. ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் ஆங்கிலக் குழந்தைகளின் தொனி உணர்வு மங்கியது. சீனக் குழந்தைகளிடம் மங்கவில்லை. அதே ஏற்ற இறக்கத்தைப் பேச்சாக இல்லாமல் வெறும் இசையொலியாகக் கொடுத்தபோது ஆங்கிலக் குழந்தைகளும் பிரித்தறிந்தார்கள்.

இந்தக் கடைசி முடிவு முக்கியமானது. குரலின் உயரத்தைக் கேட்கும் திறன் எங்கும் போய்விடவில்லை. பேச்சில் அதற்கு இருந்த இடம்தான் மாறியிருக்கிறது. சிங்கப்பூரில் லெஹர் சிங் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. பதினெட்டு மாதத்தில் ஆங்கிலக் குழந்தைகளும் சீனக் குழந்தைகளும் ஒரு சொல்லின் தொனி மாறினால் கவனித்தார்கள். இரண்டு வயதில் சீனக் குழந்தைகள் மட்டுமே கவனித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு கணக்கில் சேராத ஒன்றாகிவிட்டது.

தமிழும் தொனிமொழி அல்ல. கல், கால் என்று குறிலும் நெடிலும் சொல்லைப் பிரிப்பதைத் தமிழ்ப் பிள்ளை வெகு சீக்கிரம் பழகிவிடுகிறது. குரல் உயரமோ அதற்கு மனநிலையின் அடையாளம். "சாப்பிட்டாச்சு" என்பதைத் தட்டையாகச் சொன்னால் பதில், கடைசியில் தூக்கினால் கேள்வி. சாப்பாட்டின் பொருள் மாறுவதில்லை. இந்தப் பழக்கத்தோடு சீன வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு இரண்டாம் தொனி கேள்வி போலவும் நான்காம் தொனி அதட்டல் போலவும் படுவதில் வியப்பில்லை. மலாய், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

ஏழு வயது தாமதமா?

இங்கேதான் பெற்றோரின் அச்சம் தொடங்குகிறது. ஒரு வயதிலேயே காது மூடிக்கொண்டால், ஏழு வயதில் சேர்த்து என்ன பயன்?

காது அப்படி மூடிக்கொள்வதில்லை. நெதர்லாந்தில் லியூ, காகர் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு ஒன்பது மாதத்தில் மங்கிய தொனி உணர்வு பதினேழு பதினெட்டு மாதத்தில் டச்சுக் குழந்தைகளிடம் மீண்டும் தலைகாட்டியது. பள்ளி வயதுப் பிள்ளைகளை நேராகவே சோதித்த ஆய்வு 2003-இல் வந்தது. யுயே வாங்கும் பட்ரிசியா கூலும் 6, 10, 14 வயது அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மாண்டரின் தொனிகளைக் கேட்டுப் பிரிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லா வயதினரும் முன்னேறினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடிவிடவும் இல்லை.

பெரியவர்களிடம் கிடைத்த முடிவு இன்னும் நம்பிக்கை தருகிறது. வாங் குழுவினரின் 1999 ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இரண்டு வாரத்தில் எட்டு அமர்வுகள் பயிற்சி எடுத்தார்கள். தொனியை அடையாளம் காணும் திறன் 21 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சியில் கேட்டிராத சொற்களிலும் புதிய குரல்களிலும் அந்தத் திறன் கைகொடுத்தது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் நிலைத்திருந்தது. அந்தப் பயிற்சியின் அடிப்படை, ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் பலருடைய குரல்களில் கேட்டதுதான்.

ஆகவே ஏழு வயது தாமதமல்ல. ஆனால் "சின்னப் பிள்ளை, தானாகப் பிடித்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுவதும் சரியல்ல. சின்ன வயது தரும் பெரிய வசதி நாள்தோறும் பல மணி நேரம் அந்த மொழிக்குள் இருக்க முடிவதுதான். அந்த மணி நேரங்கள் கவனத்தோடு கழிந்தால்தான் காது பழகும்.

---
□ மறந்த மொழி, மறக்காத மூளை

சீனாவில் பிறந்து, சராசரியாக 12.8 மாத வயதில் கனடாவின் மான்ட்ரியல் பகுதிப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பெண் பிள்ளைகளை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு 9 முதல் 17 வயது. ஒரு சீனச் சொல்லும் தெரியாது. மாண்டரின் தொனிகளைக் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்தபோது, சீனம் பேசும் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் அதே இடப்பக்கப் பகுதி இவர்களுக்கும் வேலை செய்தது. பிரெஞ்சு மட்டுமே அறிந்த பிள்ளைகளிடம் அப்படி நிகழவில்லை. 2014-இல் வெளியான இந்த ஆய்வு, குழந்தைப் பருவத்தில் காதில் விழுந்தது எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்குச் சான்று.

---

எங்கே இடறுகிறது?

நான்கு தொனிகளையும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தால் முதலும் நான்காம் தொனியும் விரைவில் பிடிபடும். இரண்டும் மூன்றும்தான் குழப்பும். இவ்விரு தொனிகளும் கடைசியில் மேலே எழுபவை. எழுவதற்கு முன் எவ்வளவு தாழ்கிறது என்பதில்தான் வேறுபாடு. போதாக்குறைக்கு, மூன்றாம் தொனி இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறிவிடும். "நீ ஹாவ்" என்ற வணக்கத்திலேயே இந்த மாற்றம் இருக்கிறது. வேகமான பேச்சில் மூன்றாம் தொனி பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும். பாடப்புத்தகம் காட்டும் கடைசி எழுச்சி கேட்காது.

குரலின் உயரம் ஆளுக்கு ஆள் மாறுவது அடுத்த சிக்கல். சராசரி ஆண் குரல் நொடிக்கு ஏறக்குறைய 120 முறை அதிர்கிறது. பெண் குரல் 200-ஐ ஒட்டி. சிறு பிள்ளையின் குரல் 250-க்கும் மேல். ஆசிரியையின் தாழ்ந்த தொனி ஆண் ஆசிரியரின் உயர்ந்த தொனிக்கு நிகராக இருக்கலாம். ஆகவே பிள்ளை ஒவ்வொருவர் குரலிலும் எது மேல், எது கீழ் என்று நொடிப்பொழுதில் அளந்து, அதை வைத்துத் தொனியை முடிவு செய்ய வேண்டும். ஒரே ஆசிரியையின் குரலை மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளை வேறொருவர் பேசினால் திணறுவது இதனால்தான்.

சீனக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இது ஓரிரு ஆண்டில் முடிகிற வேலை இல்லை. தாய்மொழியாக மாண்டரின் பேசும் பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலும் பெரியவர்கள் அளவுக்குத் துல்லியமாகத் தொனியைச் சொல்வதில்லை என்று புய்சன் வோங்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் சீனம் இல்லாத பிள்ளை முதல் ஆண்டிலேயே தேறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கணக்கில் விழும் அடி

தொனி தவறினால் உச்சரிப்பு கொஞ்சம் கொச்சையாக இருக்கும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். சீனப்பள்ளியில் அதன் விளைவு மற்றப் பாடங்களிலும் விழுகிறது, ஏனென்றால் அங்கே கணிதமும் சீனத்தில்தான்.

நான்கு என்பது "ஸி", நான்காம் தொனி. பத்து என்பது "ஷி", இரண்டாம் தொனி. மலேசியப் பேச்சில் பலர் "ஷ"வை "ஸ"வாகவே ஒலிப்பார்கள். அப்போது நான்கையும் பத்தையும் பிரித்துக் காட்டத் தொனி ஒன்றுதான் மிச்சம். பதினான்கும் நாற்பதும் இந்த இரண்டு அசைகளின் இடமாற்றமே. மனக்கணக்குச் சொல்லும் வகுப்பில் இதைத் தவறவிட்ட பிள்ளைக்குக் கூட்டல் தெரிந்திருந்தும் விடை தவறும்.

வாங்குவதும் விற்பதும் "மாய்"தான். மூன்றாம் தொனியில் வாங்குவது. நான்காம் தொனியில் விற்பது. எழுத்திலும் இரண்டும் உடன்பிறப்புகள். விற்பதன் தலையில் சில கோடுகள் கூடுதல். கடைக்காரர் வாங்கினாரா விற்றாரா என்று புரியாமல் இலாப நட்டக் கணக்கு எப்படிப் போடுவது? ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் கேட்டு எழுதும் "திங்ஷியே" தேர்விலும் இதே குழி காத்திருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, நினைவாற்றல் இல்லை என்று முத்திரை விழுந்துவிடுகிறது.

இன்னொரு விளைவு மெல்ல வருகிறது. கண்ணில் படுவதும் இல்லை. தொனியில் ஐயம் உள்ள பிள்ளை வாய் திறக்கத் தயங்கும். பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், பேசாமலே காலம் ஓட்டக் கற்றுக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்யும், படத்தை வைத்து ஊகிக்கும், எழுத்து வடிவத்தை மனப்பாடம் செய்து அழகாகவும் எழுதும். நோட்டுப் புத்தகம் சுத்தமாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மேல் வகுப்புகளில் பாடம் நீளமாகி, படங்கள் குறைந்து, ஆசிரியர் வேகமாக விளக்கத் தொடங்கும்போதுதான் விரிசல் வெளியே தெரியும். அதற்குள் மூன்று நான்கு ஆண்டுகள் போயிருக்கும்.

வீட்டிலோ சீனம் தெரிந்தவர் இல்லை. நல்லெண்ணத்தோடு பெற்றோர் செய்யும் ஒரு வேலை நிலைமையை மோசமாக்குகிறது. சீனச் சொல்லின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கிறார்கள். "தாங்" என்று எழுதினால் சூப்பும் மிட்டாயும் ஒன்றாகிவிடும். தொனி அங்கேயே தொலைந்துவிடும். பள்ளியில் கற்பிக்கும் பின்யின் ரோமன் எழுத்து முறையில் ஒவ்வொரு தொனிக்கும் தனிக் குறி இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் அந்த நான்கு குறிகளைக் கற்றுக்கொண்டால், சீனம் தெரியாமலே வீட்டுப்பாடத்தில் துணை நிற்கலாம்.

திரை கற்றுத் தருமா?

சீனக் கார்ட்டூன் போட்டுவிட்டால் போதும், கைப்பேசிச் செயலி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் நேரில் விளையாடிப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அக்குழந்தைகள் மாண்டரின் மெய்யொலி வேறுபாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. அது தொனி பற்றிய ஆய்வு அல்ல. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் ஒலியைக் கற்பதில் எதிரில் இருக்கும் மனிதருக்கு உள்ள பங்கை அது காட்டுகிறது.

பள்ளி வயதில் செயலிகள் பயிற்சிக்கு உதவலாம். மிட்டாய் கேட்டுச் சூப்பு வந்தால் திருத்திக்கொள்ளும் அனுபவத்தைப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் வகுப்புத் தோழனும்தான் தர முடியும்.

பாட்டு வகுப்பு கைகொடுக்கும்

இசை பயின்றவர்களின் காது தொனியையும் எளிதில் பிடிக்கிறது என்பதற்குப் பல சான்றுகள் உள்ளன. பாட்ரிக் வோங் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரினே தெரியாத இசைக்கலைஞர்களின் மூளைத்தண்டு மாண்டரின் தொனியின் வளைவை மற்றவர்களைவிடத் துல்லியமாகப் பின்தொடர்ந்தது. பெய்ஜிங்கில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் 74 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் பியானோ கற்ற பிள்ளைகள் சுருதி வேறுபாட்டோடு பேச்சொலி வேறுபாட்டையும் கூர்மையாக உணர்ந்தார்கள். அவர்கள் தாய்மொழியாக மாண்டரின் பேசியவர்கள்.

கோயிலில் தேவார வகுப்புக்கும் ஊரில் கர்நாடக இசை வகுப்புக்கும் பிள்ளையை அனுப்புவது இந்த வகையிலும் நல்லதே. அது கட்டாய நிபந்தனை என்று எண்ண வேண்டாம். பாடத் தெரியாத கோடிக்கணக்கான சீனர்கள் தொனி பிசகாமல் பேசுகிறார்கள்.

---
□ பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

• சொல்லையும் தொனியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கற்கட்டும். தொனியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் தவறான வடிவம் பதிந்துவிடும்.

• ஆண், பெண், சிறுவர், முதியவர் எனப் பல குரல்களைக் கேட்கட்டும்.

• கையால் தொனியை வரைந்தபடியே சொல்லட்டும். குரலின் போக்கைக் கையால் காட்டுவது தொனியைக் கற்க உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

• ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று அசைத் தொடர்களாகப் பழகட்டும். மூன்றாம் தொனியின் மாற்றம் தொடரில்தான் விளங்கும்.

• முதலில் கேட்டுப் பிரிக்கும் விளையாட்டு, பிறகு பேச்சு. தவறினால் சரியான வடிவத்தை மறுபடி சொல்லிக் காட்டினால் போதும், கேலி வேண்டாம்.

• காதில் சீழ், அடிக்கடி சளி என்றால் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள்.

---

தமிழை விட்டால் சீனம் வருமா?

சீனப்பள்ளியில் சேர்த்ததும் சில வீடுகளில் தமிழ்ப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை குழம்பிவிடும் என்பது அவர்களின் பயம். ஆய்வுகள் இந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. மாண்டரினும் ஆங்கிலமும் ஒருசேரக் கேட்டு வளரும் சிங்கப்பூர்க் குழந்தைகள், மாண்டரின் சொல்லில் தொனியைக் கணக்கில் எடுக்கவும் ஆங்கிலச் சொல்லில் விட்டுவிடவும் சின்னஞ்சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மொழியின் விதியை இன்னொன்றில் போட்டுக் குழப்பிக்கொள்ளாத அறிவு பிள்ளைக்கு இருக்கிறது.

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் வரலாறு 1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சீனப்பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் கற்கும் வாய்ப்பு பள்ளி நேரத்தில் இல்லை. வீட்டிலும் தமிழை நிறுத்தினால், சீனம் பிடிபடும் முன்னே தாய்மொழியும் கைநழுவும். பள்ளியில் திணறும் பிள்ளை அன்று நடந்ததை மனம் திறந்து சொல்ல ஒரு மொழி வேண்டும். எந்தத் தொனிக்கும் பயப்படாமல் அது பேசக்கூடிய மொழி தமிழ்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது உங்கள் முடிவு. அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சேர்த்த பிறகு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மதிப்பெண்ணைவிடக் காதைக் கவனியுங்கள். வாரம் ஒரு முறையாவது சீனம் பேசும் ஒருவரைப் பிள்ளையோடு பேசவிட்டு, அது கேட்டதைப் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஐந்தில் ஒரு பிள்ளை வேறு மொழி வீட்டிலிருந்து வரும்போது, தொனி கேட்கும் பயிற்சிக்கென முதலாம் ஆண்டில் தனி நேரம் ஒதுக்குங்கள். மெதுவாகக் கேட்கும் பிள்ளையை மந்தமான பிள்ளை என்று எழுதிவைக்காதீர்கள்.